40 சதவீத ஊனத்துக்கு எவ்வளவு கிடைக்கும்?

கேள்வி: என் கணவருக்கு வயது 38. கொத்தனார் வேலை பார்க்கிறார். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். நான்கு மாதத்துக்கு முன்னால் தாராபுரத்தில் வேலை முடித்து எக்ஸ்.எல். வண்டியில் வரும்போது, எதிரே பஸ்ஸை முந்திக்கொண்டு வந்த ஒரு வேன் இடித்துவிட்டது. வலது காலில் முழங்காலை ஒட்டி எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். முழங்கால் பாதிதான் மடங்குகிறது. வேன்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து, "கேஸ் வேண்டாம், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. அதனால் எஃப்.ஐ.ஆர். மூன்று நாள் கழித்துத்தான் போட்டோம். ஒரு டாக்டர் 40 சதவீத ஊனம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் பழக்கமான ஒருவர், "மூன்றரை லட்சம் வாங்கித் தருகிறேன், அதில் 30 சதவீதம் எனக்கு" என்று சொல்லி ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறார். இவரிடம் லைசென்ஸ் இல்லை, அன்று ஹெல்மெட்டும் போடவில்லை. சம்பளத்துக்கு ரசீது எதுவும் கிடையாது. நான் மில் வேலையை விட்டுவிட்டு இவரைப் பார்த்துக்கொள்கிறேன். 40 சதவீதத்துக்கு எவ்வளவு கிடைக்கும்? இவரோ, "காலை விற்றுக் காசு வாங்குவதா" என்று பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால் இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது.

விபத்து நடந்து நான்கு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். 1994 முதல் அதுவரை இந்த மனுவுக்குக் காலக்கெடுவே இல்லாமல் இருந்தது. அந்தப் பழக்கத்தில் "எப்போது வேண்டுமானாலும் போடலாம்" என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. ஆனால் அதை நம்பி நீங்கள் காத்திருக்கக் கூடாது. உங்களுக்கு இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை.

கால் முழுதாகக் குணமாகட்டும், ஊனச் சான்று சரியாக வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. மனுவை முதலில் போட்டுவிடலாம், ஊனத்தைப் பிறகு நிரூபித்துக்கொள்ளலாம். தாராபுரத்துக்கு அலையவும் வேண்டாம். விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்லாமல் நீங்கள் குடியிருக்கும் இடத்திலும் வழக்குப் போடலாம் என்று சட்டமே சொல்வதால், திண்டுக்கல் மாவட்டத்துக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம். எஃப்.ஐ.ஆர். போட்ட ஸ்டேஷனுக்கு உங்கள் சகோதரரையோ உறவினரையோ அனுப்பி, விரிவான விபத்து அறிக்கை தீர்ப்பாயத்துக்கு, அதாவது விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்துக்கு, போய்விட்டதா என்று கேட்கச் சொல்லுங்கள். முதல் அறிக்கையை 48 மணி நேரத்திலும் விரிவான அறிக்கையை 90 நாளிலும் அனுப்ப வேண்டியது போலீஸின் கடமை. அந்த விரிவான அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. இருந்தாலும் அதை மட்டும் நம்பாமல், உங்கள் கணவர் பெயரில் ஒரு மனுவும் உள்ளே போயிருப்பதே பாதுகாப்பு.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். "40 சதவீதத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. அந்த மூன்றரை லட்சம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு ஓரளவு தெரிகிறது. அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் உங்களுக்கே விளங்கிவிடும்.

நம் ஊர்த் தீர்ப்பாயங்களில் இழப்பீட்டைக் கணக்குப் போட இரண்டு வழி நடைமுறையில் இருக்கிறது. ஒன்று, சதவீதக் கணக்கு. ஊனம் இத்தனை சதவீதம், ஒரு சதவீதத்துக்கு மூவாயிரம், நாலாயிரம், ஐயாயிரம் என்று ஒரு தொகை, இரண்டையும் பெருக்கிக் கையில் கொடுத்துவிடுவது. 40-ஐ ஐயாயிரத்தால் பெருக்கினால் இரண்டு லட்சம். ஆஸ்பத்திரி பில், வண்டிச் செலவு, வலி, வேதனைக்குக் கொஞ்சம் என்று சேர்த்தால் மூன்று, மூன்றரை லட்சத்தில் வந்து நிற்கும். ஊனம் ஒருவரது பிழைப்பைப் பெரிதாகப் பாதிக்காதபோது இந்தக் கணக்கு நியாயம்தான். உட்கார்ந்து எழுதும் வேலையில் இருப்பவர் காலைச் சற்று இழுத்து நடக்கிறார், சம்பளம் குறையவில்லை என்றால், பெரும்பாலும் இப்படித்தான் தீர்ப்பு வரும்.

இன்னொன்று, வருமான இழப்புக் கணக்கு. இந்தக் கால் இருந்திருந்தால் இவர் வாழ்நாளில் என்ன சம்பாதித்திருப்பார், இனி அதில் எவ்வளவு முடியாது என்று பார்ப்பது. எடுத்துக்காட்டுக்கு, தீர்ப்பாயம் இவருடைய மாத வருமானத்தை 15,000 ரூபாய் என்று ஏற்றுக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொந்தமாகத் தொழில் செய்கிறவர், 40 வயதுக்குக் கீழே இருப்பவர் என்றால், எதிர்காலத்தில் வருமானம் உயர்ந்திருக்கும் என்பதற்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும். இதை 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வரையறுத்தது. அது மரண வழக்கு. பிழைப்பைப் பறிக்கும் நிரந்தர ஊனத்துக்கும் அது பொருந்தும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக மாதம் 21,000, வருடத்துக்கு 2,52,000. இதை வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 2009-ல் சரளா வர்மா வழக்கில் கொடுத்த அட்டவணையில் 36 முதல் 40 வயது வரை அந்த எண் 15. மொத்தம் 37,80,000 ரூபாய். இதில் எத்தனை சதவீதம் சம்பாதிக்கும் திறன் போய்விட்டது என்பதுதான் வழக்கே. தீர்ப்பாயம் 20 சதவீதம் என்று எடுத்தால் 7,56,000. 50 சதவீதம் என்று எடுத்தால் 18,90,000. இது அந்தத் தலைப்புக்கு மட்டும், மற்றதெல்லாம் தனி.

இதைப் படித்துவிட்டு 18 லட்சம் வந்துவிடும் என்று மனக்கோட்டை கட்டிவிடாதீர்கள். வருமானம் நான் போட்டுக்கொண்ட எண். சதவீதத்தைத் தீர்ப்பாயம்தான் முடிவு செய்யும். ஆனால் ஒரே காலுக்கு, ஒரே முறிவுக்கு, எந்தக் கணக்கில் போகிறோம் என்பதைப் பொறுத்து எவ்வளவு தூரம் மாறுகிறது என்று பாருங்கள். அந்த நபர் உங்களிடம் முதல் கணக்கை மட்டும் காட்டியிருக்கிறார்.

டாக்டர் எழுதிய 40 சதவீதம் வேறு, பிழைப்பில் போன சதவீதம் வேறு. 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நன்றாக விளக்கியிருக்கிறது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய சம்பாத்தியம் கிட்டத்தட்ட நூறு சதவீதமும் போய்விடலாம். அதே கையை இழந்தவர் அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலையே போகாமல் இருக்கலாம். முதலில் உங்கள் சான்றிதழை எடுத்து, அந்த 40 சதவீதம் காலுக்கா, முழு உடம்புக்கா என்று பாருங்கள். காலுக்கு 40 என்றால் முழு உடம்புக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும், எதிர்த்தரப்பு, அதாவது வேனின் இன்சூரன்ஸ் கம்பெனி, இந்த இடத்தைத்தான் பிடிக்கும். அதோடு, சிகிச்சை பார்க்காத ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த சான்றை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. ஆபரேஷன் செய்த டாக்டரையோ மெடிக்கல் போர்டையோ போய்ப் பார்த்து, சதவீதத்தோடு வேறு சில விஷயங்களையும் எழுதி வாங்க வேண்டும். முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, குத்தவைத்து உட்கார முடியுமா, ஏணி ஏற முடியுமா, பளு தூக்கி நிற்க முடியுமா, இனி சரியாகுமா. கொத்தனார் வேலைக்கு இவைதானே வேண்டும்!

சில வருடங்களுக்கு முன்னால் நான் நடத்திய ஒரு வழக்கிலும் ஒரு கொத்தனார்தான் கட்சிக்காரர். அவருக்கும் முழங்கால். சாட்சிக் கூண்டில் நின்றவரிடம் இன்சூரன்ஸ் தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் கேட்டார்: "பஸ் ஸ்டாண்டிலிருந்து கோர்ட்டுக்கு நடந்துதானே வந்தீர்கள்?" இவர் சொன்னார்: "நடந்துதாங்க வந்தேன். சாரத்துல நடக்க முடியலைங்க." நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு, "குத்தவைத்து உட்காருங்கள், பார்க்கலாம்" என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி வரை இறங்கினார், அதற்கு மேல் போகவில்லை. அந்த ஆட்டத்தில் சட்டைப் பையில் இருந்த பென்சில் கீழே விழுந்தது. செங்கல்லில் அளவு குறிக்கிற சிவப்புப் பென்சில். வேலைக்குப் போகாமல் ஒன்றரை வருடம் ஆகியும் அதைப் பையில் வைத்திருந்தார். குனிந்து எடுக்க முடியாமல் கோர்ட் ஊழியரான டவாலியைப் பார்த்தார், அவர் எடுத்துக் கொடுத்தார். அந்த வழக்கில் டாக்டர் சொன்ன சதவீதத்தைவிட அதிகமாகவே வருமான இழப்பைத் தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டது.

உங்கள் வழக்கிலும் நிரூபிக்க வேண்டியது இதைத்தான். எலும்பு முறிந்ததை எக்ஸ்ரே சொல்லிவிடும். இவர் என்ன வேலை செய்தார், அதில் எது இனி முடியாது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சம்பளத்துக்கு ரசீது இல்லையே என்று கலங்க வேண்டாம். கூலி வேலை செய்கிறவரிடம் சம்பளச் சான்று கேட்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. 2008-ல் விபத்தில் ஒரு காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவருக்கு, எந்த ஆவணமும் இல்லாமலே மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று எடுத்து, சம்பாதிக்கும் திறனில் 85 சதவீதம் போய்விட்டதாகக் கணக்கிட்டார்கள். ரசீது இல்லாவிட்டாலும் தடயம் இருக்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா? அதுதான் இவர் கொத்தனார் என்பதற்கு முதல் சாட்சி. மேஸ்திரி அல்லது இன்ஜினியர் ஜிபே-யில் கூலி அனுப்பியிருந்தால் வங்கியில் கணக்கு வாங்குங்கள். மகளிர் குழுக் கடனைத் தவறாமல் கட்டிவந்த பாஸ்புக், விபத்துக்குப் பிறகு அது நின்றுபோன பக்கம், இவை இரண்டும் சேர்ந்து நிறையச் சொல்லும். மேஸ்திரிகள் ஒரு சின்ன நோட்டில் யாருக்கு எத்தனை நாள் என்று குறித்து வைத்திருப்பார்கள். அந்த நோட்டை மேஸ்திரியே கொண்டுவந்து சாட்சி சொன்னால், ஒரு சர்டிபிகேட்டைவிட அதற்கு மதிப்பு அதிகம். இவர் சாரத்தில் நின்று வேலை செய்யும் போட்டோ யார் போனிலாவது இருக்கும், தேடிப் பாருங்கள்.

பணம் கிடைக்கிற மற்ற தலைப்புகளும் இருக்கின்றன. இதுவரை ஆன மருத்துவச் செலவு பில் இருந்தால்தான் வரும், ஆகவே மருந்துக் கடை ரசீது முதற்கொண்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்றால் அதற்கான மதிப்பீட்டை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். பிறகு போக்குவரத்து, சத்தான சாப்பாடு, படுக்கையில் இருந்த மாதங்களின் கூலி, வலி, வேதனை, முன்போல் வாழ முடியாமல் போன இழப்பு எல்லாம் சேரும். பலரும் விட்டுவிடுகிற ஒன்று, உடன் இருந்து பார்த்துக்கொண்டவருக்கான தொகை. நீங்கள் மில் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்கிறீர்கள். மனைவிதானே என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விடக் கூடாது. மில்லில் கடைசியாக வாங்கிய சம்பள விவரத்தையும் எடுத்து வையுங்கள். தீர்ப்பான தொகைக்கு மனு போட்ட நாளிலிருந்து வட்டியும் உண்டு. நம் பக்கத்தில் பெரும்பாலும் 7.5 சதவீதம் போடுகிறார்கள். மனுவைத் தாமதிக்காமல் போட இதுவும் ஒரு காரணம்.

லைசென்ஸ், ஹெல்மெட் பற்றி நீங்கள் பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டியது தனிக் குற்றம், அதற்கு அபராதம் வரலாம். ஆனால் விபத்துக்கு அவரும் காரணம் என்று சொல்ல அது மட்டும் போதாது என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இடது ஓரமாக வந்துகொண்டிருந்தவர் மேல் முந்தி வந்த வேன் ஏறியதற்கு இவர் பாக்கெட்டில் ஒரு அட்டை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஹெல்மெட்டுக்கும் முறிந்த காலுக்கும் தொடர்பே இல்லை, அதை வழக்கறிஞர் எடுத்துச் சொன்னால் போதும். இந்த இரண்டையும் மறைக்க மட்டும் முயலாதீர்கள். எஃப்.ஐ.ஆர். மூன்று நாள் தாமதமானதற்குக் காரணம் உங்களிடம் இருக்கிறது: ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது, வேன்காரர் வாக்குக் கொடுத்தார். அதை உள்ளபடி சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எழுதிய விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பியில், வேன் மோதியது என்று இருந்தால் அந்தத் தாமதம் பெரிய விஷயமே இல்லை. அந்தக் காப்பியை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள்.

இப்போது அந்த நபர். வெற்றி பெற்றால் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவது வழக்கறிஞருக்கே தடை செய்யப்பட்டது, பார் கவுன்சில் விதியே அப்படிச் சொல்கிறது. அவர் வழக்கறிஞர்கூட இல்லை. எழுதாத பேப்பரிலோ, "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய பேப்பரிலோ கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வருகிற குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. அதை அவிழ்ப்பதற்கே ஒரு வருடம் போய்விடுகிறது. இன்சூரன்ஸ் கம்பெனியோடு சமாதானமாகப் போவது தவறில்லை, சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. ஆனால் அது தீர்ப்பாயத்தின் முன்னால், உங்கள் வழக்கறிஞர் கூட இருக்க, பதிவாக வேண்டும். பணம் இவருடைய வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். சமரசம் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் பேசி முடித்தால் பணம் சீக்கிரம் வரும், ஆனால் அதற்குப் பிறகு மேல்முறையீடு கிடையாது. ஆகவே அங்கே போவதற்கு முன்னால், மேலே சொன்ன இரண்டாவது கணக்கை ஒரு தாளில் போட்டுக் கையில் வைத்திருங்கள். வழக்கை முழுதாக நடத்தினால் என் அனுபவத்தில் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை தாங்க முடியுமா என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். காத்திருக்க முடியாத குடும்பம் கொஞ்சம் குறைத்து வாங்கிக்கொள்வதை நான் குறை சொல்ல மாட்டேன். என்ன விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து விட்டுக்கொடுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் திண்டுக்கல் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

உங்கள் கணவர் சொன்னதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. உழைத்துச் சாப்பிட்டவர்கள் பலர் என்னிடம் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: காலுக்கு யாரும் விலை போடவில்லை, போடவும் முடியாது. வேனுக்கு இன்சூரன்ஸ் கட்ட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதே, அந்த வேன் யார் பிழைப்பையாவது கெடுத்தால் அந்தக் குடும்பம் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான். அவர் கேட்பது, இன்னும் இருபது வருடம் சாரத்தில் நின்று சம்பாதித்திருக்க வேண்டிய கூலியை. பேச மனமில்லை என்றால் இப்போதைக்குப் பேச வேண்டாம். ஒரு நோட்டை அவர் பக்கத்தில் வையுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை எதையெல்லாம் முன்போல் செய்ய முடியவில்லை என்று தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள், அல்லது அவர் சொல்ல நீங்கள் எழுதுங்கள். கழிவறையில் உட்கார முடியாதது, படி இறங்கும்போது பிடிப்பு வேண்டியிருப்பது, இரவு வலியில் எழுந்தது எல்லாம். வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், நல வாரிய அட்டை, இவற்றோடு அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.